சாவிக்குள் ஒரு சாவி

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கேள்வி எழுதிப் போடத்தான் முதலில் உட்கார்ந்தேன். 'பூட்டிய காரின் பேட்டரி இறங்கிப் போய் ரிமோட் வேலை செய்யாவிட்டால், கதவை எப்படித் திறப்பது?' என்பதுதான் அந்தக் கேள்வி. தபாலில் சேர்ப்பதற்குள் பதில் எனக்கே கிடைத்துவிட்டது. ஆனால், அது கிடைத்த விதம் ஒரு வரியில் சொல்லக்கூடியது அல்ல. அதனால் கேள்வியைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திண்டிவனம் - வந்தவாசி சாலையில், வெள்ளிமேடுபேட்டை பக்கம். நாலு ஏக்கர் கொல்லை. பாதி மல்லாட்டை, மீதியில் நெல்லும் உளுந்தும். வீடு ஊருக்குள் இல்லை, கொல்லையிலேயே இருக்கிறது. தார்ச்சாலைக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. இடையில் ஓர் ஓடை. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. அந்த வெள்ளத்தில் எங்கள் ஓடைப் பாலம் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சின்ன கார், லோடு ஆட்டோ போகிற அகலம்தான் மிச்சம். டிராக்டர்கூட ஓடைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும்.

கார் என் மகனுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, "அப்பா, அவசரத்துக்கு ஆகும், வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். பட்டன் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற வண்டி. ரிமோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிட்டே போனாலே கதவு திறக்கும். கல்யாணம் காட்சிக்கு எடுப்பேன். மற்ற நேரம் டிராக்டர் கொட்டகையில் ஓரமாக, மேலே துணி போர்த்தி நிற்கும். பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரப்பிள்ளைகள் காணும்பொங்கல் அன்று காருக்குள்ளேயே உட்கார்ந்து பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கிளம்பிவிட்டார்கள். நான் காரைப் பூட்டித் துணியைப் போர்த்தினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ராத்திரி

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். புயலால் விதைப்பு தள்ளிப்போன மல்லாட்டை அப்போதுதான் பூத்து விழுது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் தண்ணீர் தப்பக் கூடாது. மும்முனை கரண்ட் எங்களுக்கு அந்த வாரம் ராத்திரி முறை. நான் மோட்டார் கொட்டகையில் இருந்தேன். என் மனைவி மடை மாற்றப் போனாள்.

"ஏங்க... கால்ல என்னமோ சுருக்குனு புடுங்குச்சி!"

டார்ச் அடித்துப் பார்த்தேன். வரப்போரமாகக் கண்ணாடி விரியன் நெளிந்து போனது. மணி 7.40. உடனே 108-க்குப் போன் போட்டோம். "கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, காலை ஆட்டாம படுக்க வைங்க. வண்டி கிளம்பிடுச்சு" என்றார்கள். ஆம்புலன்ஸ் ஓடையைத் தாண்டி வர முடியாது. தார்ச்சாலையில் வந்து நிற்கும். அதுவரை காரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று தம்பியும் சித்தப்பா மகனும் அவளைக் கட்டிலோடு தூக்கிவந்து கொட்டகை வாசலில் வைத்தார்கள்.

நான் துணியை இழுத்துப் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன். கதவு திறக்கவில்லை. ரிமோட்டை அமுக்கினேன். சத்தம் இல்லை, விளக்கு இல்லை. கிட்டே வைத்து அமுக்கினேன், கண்ணாடியில் ஒட்டி அமுக்கினேன். கல்லை அமுக்கியதுபோல இருந்தது. சாவித் துவாரம் எங்கே என்று டார்ச் வைத்துத் தேடினேன். எந்தக் கதவிலும் ஓட்டையே இல்லை.

தம்பி கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை விட்டுப் பார்த்தான். சித்தப்பா மகன், "கல்ல போட்டு ஒடச்சிடலாம்ணே" என்றான். அதற்கும் மனம் வரவில்லை. மகன் காராயிற்றே. மகனுக்குப் போன் போட்டேன். அங்கே நடுராத்திரி, எடுக்கவில்லை. கட்டிலில் இருந்து அவள் சொன்னாள்: "கார வுட்டுத் தொலைங்க. வேற ஏதாவது பாருங்க."

அப்புறம்தான் ஊருக்குள் லோடு ஆட்டோ வைத்திருக்கும் பையனுக்குப் போன் போனது. அவன் வந்து, அவளை ஏற்றி, தார்ச்சாலையில் காத்திருந்த ஆம்புலன்ஸில் சேர்க்கும்போது மணி 8.20. அந்த ஆம்புலன்ஸ் வந்து நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது.

திண்டிவனம் அரசு மருத்துவமனையில் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அப்படியே வைத்தார்கள். 20 நிமிடத்தில் ரத்தம் உறைந்தால் விஷம் ரத்தத்தில் வேலை காட்டவில்லை என்று அர்த்தமாம். உறையாவிட்டால் விரியன் விஷம். 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தார்கள். ரத்தம் தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். பிறகு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் இருந்தோம். ஆண்டவன் புண்ணியத்தில் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

ஆனால், முதல் நாள் டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்வி என்னை விடவில்லை. "எத்தனை மணிக்குக் கடிச்சது? ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். "பாதை ஒரே சேறுங்க" என்றேன். அன்று பாதை காய்ந்துதான் கிடந்தது. ஒரு காருக்குள் ஏறத் தெரியாமல் அரை மணி நேரம் அதைச் சுற்றிச்சுற்றி வந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பேட்டரி கடையில் கிடைத்த பதில்

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பேட்டரி கடைக்குப் போனேன். "கார் பூட்டிக் கிடக்குது, ஆள் அனுப்பி ஒடச்சுத் திறக்கணும்" என்றேன். கடைக்காரர் என்னைவிடச் சின்ன வயது. "ரிமோட்டைக் குடுங்கய்யா" என்று வாங்கினார். பின்பக்கம் திருப்பி, ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குமிழை நகத்தால் தள்ளி இழுத்தார். உள்ளேயிருந்து தட்டையாக ஓர் இரும்புச் சாவி வந்தது!

அன்று ராத்திரி முழுக்க என் உள்ளங்கைக்குள் இருந்த சாவி அது.

அவர் சொல்லித் தந்ததை, நான் பிறகு செய்து பார்த்ததோடு சேர்த்து எழுதுகிறேன்.

கதவைத் திறக்க: பட்டன் ஸ்டார்ட் கார்கள் பெரும்பாலானவற்றில் ரிமோட்டுக்குள் இப்படி ஓர் அவசரச் சாவி இருக்கும். டிரைவர் பக்கக் கதவில் துவாரமும் இருக்கும். சில வண்டிகளில் அது கைப்பிடியின் ஓரத்தில், கார் நிறத்திலேயே இருக்கும் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். மூடியின் அடியில் ஒரு கீறல் போல இருக்கும். சாவி நுனியை அதில் விட்டு நெம்பினால் மூடி கழன்று வரும். சில வண்டிகளில் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெம்ப வேண்டும். பல வருடம் போடாத பூட்டு இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் சாவி உடைந்துவிடும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துத் திருப்ப வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். பூட்டுக்கென்றே விற்கும் கிராஃபைட் தூள் நல்லது.

சாவியால் பெரும்பாலும் அந்த ஒரு கதவுதான் திறக்கும். மற்ற கதவுகளை உள்ளே போய்க் கையால் திறந்துகொள்ளலாம். டிக்கி பல வண்டிகளில் கரண்ட் இருந்தால்தான் திறக்கும். நான் ஜம்பர் கேபிளை டிக்கிக்குள்தான் வைத்திருந்தேன் என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். "கிணத்துக்குள்ள விழுந்தவனுக்குக் கயிறும் கிணத்துக்குள்ளேயா?" என்றார். இப்போது கேபிள் கொட்டகை ஆணியில் தொங்குகிறது.

செத்தது எது? வெளியே நின்று பார்த்தால் ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தாலும், காரின் பெரிய பேட்டரி தீர்ந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் கதவு திறக்காது. ரிமோட்டை அமுக்கும்போது அதில் சின்ன விளக்கு மின்னுகிற மாடலாக இருந்தால், அது மின்னுகிறதா என்று பாருங்கள். உள்ளே ஏறிய பிறகு இன்னும் தெளிவாகத் தெரியும். மேல் விளக்கு எரிந்தால் காரின் பேட்டரி நன்றாக இருக்கிறது, கோளாறு ரிமோட்டில்தான். எதுவுமே எரியாவிட்டால் பெரிய பேட்டரி போய்விட்டது.

ரிமோட்டில் கோளாறு என்றால் இன்னொரு விஷயம் நடக்கும். சாவி போட்டுக் கதவைத் திறந்ததும், திருடன் என்று நினைத்துக் கார் அலறலாம். பயப்பட வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டவைத்து அமுக்கினால், பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும், அலறலும் நிற்கும். எங்கே ஒட்ட வைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். காரோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். ரிமோட்டுக்குள் போடுவது 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. பல ரிமோட்டுகளுக்கு சிஆர் 2032 என்ற எண். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

டிராக்டரில் இருந்து கரண்ட்: பெரிய பேட்டரி இறங்கியிருந்தால், நம்மிடம் டிராக்டர் இருக்கிறதே! டிராக்டர் பேட்டரியும் கார் பேட்டரியும் 12 வோல்ட்தான். பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். லாரியின் 24 வோல்ட்டை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. ஒரு வண்டியும் இன்னொன்றைத் தொடாமல் நிறுத்தி, இரண்டையும் அணைத்துவிட்டு, இந்த வரிசையில் மாட்ட வேண்டும்.

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை காரின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை டிராக்டரின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை டிராக்டரின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை காரின் பேட்டரியில் வேண்டாம். பேட்டரிக்குத் தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத கெட்டி இரும்பில்.

கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரியில் இருந்து வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது என்பதால்தான் அதைத் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. டிராக்டரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு காரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடியதும் மாட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் கழற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, ஒழுகினாலோ தொடாதீர்கள். கியர் மாற்றும் வண்டியில் பேட்டரி கொஞ்சம் மிச்சம் இருந்தால் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிப் பிரயோஜனம் இல்லை. எலெக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளுக்கு வழி வேறு. அதை அவரவர் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

என் காரில் செத்தது பெரிய பேட்டரிதான். பின் சீட்டுக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கைப் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துணி போர்த்தியதால் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் குடிக்கும். என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. வகுத்தால் 85 மணி நேரத்துக்கும் குறைவு. அதாவது, மகன் கிளம்பி நாலாம் நாளே பேட்டரி செத்திருக்கிறது. நான் ஒரு மாதம் அது உயிரோடு நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு உறைத்தது

மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே ஒரு பேஸ் போனதைச் சொல்லிவிடுவேன். ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்டுவேன். டி.எம்.வி என்று எழுதிய மல்லாட்டை விதை எங்கள் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் வருவது. அந்த விதைப்பையில் ஒட்டிய அட்டையை ஒரு வரி விடாமல் படிப்பேன். ஆனால், காரோடு கொடுத்த புத்தகம் மட்டும் மூன்று வருடமாக பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அதையும் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். மகன் கொடுத்த பொருள் என்று காரை விருந்தாளி மாதிரி தள்ளியே வைத்திருந்தேன். சாவி கைக்குள் இருந்தது. கரண்ட் பத்தடி தூரத்தில், டிராக்டரில் இருந்தது. எனக்குத்தான் இரண்டும் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று சாவி தெரிந்திருந்தாலும், இருட்டில் கேபிள் மாட்டி ஸ்டார்ட் செய்ய நேரம் ஆகியிருக்கும். உயிர் போகிற அவசரத்தில் ஓடாத வண்டியோடு மல்லுக்கட்டவே கூடாது. என் மனைவி கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதுதான் சரி. ஓடுகிற வண்டி எதுவோ அதை முதலில் கூப்பிட வேண்டும். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்திருந்தால்கூடத் தப்பில்லை என்று மருத்துவமனையில் நர்ஸ் அம்மா சொன்னார்.

பூட்டிய காருக்குள் உயிர் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், வீட்டருகே நின்ற காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் அதேபோல நான்கு குழந்தைகள். ஓடாத கார்தானே என்று பூட்டாமல் விடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டால் சாவியைத் தேடி நிற்க வேண்டாம். குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் ஓர மூலையில் கூர்மையான இரும்பால் ஓங்கி அடித்தால் பொலபொலவென்று உதிரும். முன்கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே தாள் வைத்து ஒட்டியது, விரிசல்தான் விடும். அந்த நேரத்தில் மகன் காராவது, யார் காராவது!

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் காரை எடுத்து, வெள்ளிமேடுபேட்டை வரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறோம். பூட்டும் முன் உள் விளக்குகள் அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டாவது ரிமோட் மோட்டார் கொட்டகைச் சாவியோடு ஒரே ஆணியில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு, ரிமோட்டை அமுக்காமல் சாவி போட்டுத் திறந்து பார்க்கிறோம்.

முதல் தடவை அதைச் செய்தது என் மனைவிதான். கால் வீக்கம் முழுக்க வடியாத நேரம். டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு, மூடியை நெம்பி, சாவியைப் போட்டு மெதுவாகத் திருப்பினாள். கதவு திறந்தது. "இவ்ளோதானா?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கார் நின்றால், இதழை மூடிவிட்டு இப்போதே போய் அந்த ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம்தான் ஆகும்.